அரசு மானியமும் பள்ளிக் கட்டடமும்: தமிழ்நாட்டு உதவிபெறும் பள்ளிகளின் வரலாறு

தனியார் நிர்வாகத்தில் இயங்கிக்கொண்டு, ஆசிரியர்களின் சம்பளத்தை அரசிடமிருந்து பெறும் பள்ளியைத் தமிழ்நாட்டில் 'அரசு உதவிபெறும் பள்ளி' என்கிறோம். இப்பள்ளியின் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. மாணவருக்குப் பாடநூல், சீருடை, சத்துணவு ஆகியவற்றை அரசு தருகிறது. ஆனால் பள்ளி நிற்கும் நிலமும் கட்டடமும் நிர்வாகத்துக்கு உரியவை. கூரை ஒழுகினாலும் சுவர் விரிசல் விட்டாலும் அதைச் சரிசெய்வது பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பே. இந்தப் பிரிவினை எப்படி உருவானது, அதனால் என்ன விளைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சாந்தோம்: ஒரே சாலையில் பலவகைப் பள்ளிகள்

சென்னையின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று சாந்தோம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கு குடியேறினர். 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் ஏற்பட்டது. 1749-இல் இப்பகுதி ஆங்கிலேயர் வசமானது. இன்றுள்ள பேராலயக் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது. அதைச் சுற்றிப் பல பள்ளிகள் தோன்றின. 1907-இல் தொடங்கிய செயின்ட் பீட்ஸ் பள்ளி அவற்றுள் ஒன்று.

சாந்தோம் நெடுஞ்சாலையிலும் அதையொட்டிய தெருக்களிலும் சிறிது தூரம் நடந்தாலே உதவிபெறும் பள்ளி, ஆங்கிலோ இந்தியப் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி என்று பலவகைப் பள்ளிகளைக் காணலாம். எல்லாம் தனியார் பள்ளிகளே. ஆனால் அவற்றுக்குப் பணம் வரும் வழி ஒன்றல்ல. மெட்ரிகுலேஷன் பள்ளி பெற்றோர் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது. உதவிபெறும் பள்ளியின் பெருஞ்செலவான சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கோ தனி வரலாறு உண்டு. இந்திய அரசமைப்பின் 337-ஆம் பிரிவு, 1948 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டில் அவை பெற்ற கல்வி மானியத்தை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அப்படியே தொடரச் சொன்னது. பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறைத்து, பத்தாம் ஆண்டின் முடிவில் அந்தச் சிறப்புச் சலுகையை நிறுத்தியது. ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களைப் பிற சமூகத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது அம்மானியத்தின் நிபந்தனை.

கடற்கரையை ஒட்டிய இப்பகுதியில் கட்டடப் பராமரிப்பு கூடுதல் சுமை. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி உப்பிப் பருக்கும். அதனால் மேற்பூச்சு பெயர்ந்து விழும். பழைய 'மெட்ராஸ் டெரஸ்' கட்டடங்களில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். தட்டோடு பெயர்ந்து மழைநீர் இறங்கினால் உத்தரம் உளுத்துப்போகும். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை ஓராண்டு விட்டுவைத்தாலே வேர் சுவரைப் பிளந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் சிறு தொகை செலவிட்டால் தீரும் வேலைகள் இவை. செலவிடாமல் பத்தாண்டு விட்டால் கட்டடத்தையே இடிக்க நேரும்.

திண்ணையில் தொடங்கிய கணக்கு

தமிழகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தனியார் பள்ளிக்குப் பணம் கொடுத்த தொடக்ககால நிகழ்வு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனும் மறைப்பணியாளர் சுவார்ட்சும் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளை ஏற்படுத்த முயன்றனர். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் தர 1787-இல் கம்பெனி இயக்குநர்கள் ஒப்புக்கொண்டனர்.

மாகாணம் முழுவதையும் கருத்தில் கொண்ட முதல் திட்டம் ஆளுநர் தாமஸ் மன்றோவுடையது. அவர் 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றுள் மிகப் பல திண்ணைப் பள்ளிகள். திண்ணைப் பள்ளிக்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி இவற்றுள் ஒன்று போதும். மணலில் விரலால் எழுதிப் பழகலாம். பள்ளி என்றால் வாத்தியார் என்றே பொருள். அவர் வேறு ஊருக்குப் போனால் பள்ளியும் போய்விடும். கல்வி சீர்கெட்டிருப்பதற்கு ஆசிரியரின் வறுமையும் ஒரு காரணம் என்று மன்றோ கருதினார். ஆகவே 1826-இல் அவர் வகுத்த திட்டமும் ஆசிரியரையே மையமாகக் கொண்டது. மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாலுகா பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய் என்று அவர் முன்மொழிந்தார். அத்திட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் 'பள்ளிக்கு உதவுவது என்றால் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது' என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

1854 அறிக்கை: முதலிடமும் விதிவிலக்கும்

இன்றைய மானிய முறைக்கு அடித்தளம் 1854 ஜூலையில் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை. எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்த இயலாது. ஆகவே தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு மதச் சார்பு பாராமல் மானியம் தரலாம் என்று அது கூறியது. பொதுக்கல்வி நன்றாக நடக்க வேண்டும், பொறுப்பான உள்ளூர் நிர்வாகம் இருக்க வேண்டும், அரசு ஆய்வாளரின் சோதனைக்கு உட்பட வேண்டும், மாணவரிடம் சிறிதளவாவது கட்டணம் பெற வேண்டும் என்பன நிபந்தனைகள்.

மானியத்தைப் பொதுச்செலவுக்கு மொத்தமாகத் தராமல் குறிப்பிட்ட காரியங்களுக்கே தர வேண்டும் என்றும் அவ்வறிக்கை சொன்னது. அக்காரியங்களின் வரிசைதான் கவனிக்கத்தக்கது. தலைமை ஆசிரியர் சம்பளத்தை உயர்த்துவதும் இளநிலை ஆசிரியரை அமர்த்துவதும் முதலிடம் பெற்றன. அடுத்து மாணவர் உதவித்தொகை. பள்ளியைக் கட்டவும் பழுதுபார்க்கவும் உதவுவது சில வேளைகளில் மட்டும் தேவைப்படலாம் என்ற அளவில் நின்றது. அதாவது சம்பளம் வழக்கமான செலவு. கட்டடம் விதிவிலக்கு.

இங்கிலாந்தில் இது நேர்மாறாகத் தொடங்கியது. அங்கு 1833-இல் நாடாளுமன்றம் முதன்முதலாகக் கல்விக்கு ஒதுக்கிய 20,000 பவுன் பள்ளிக் கட்டடங்களுக்காகவே தரப்பட்டது. கட்டடச் செலவின் ஒரு பகுதியைத் திருச்சபைச் சங்கங்கள் திரட்டினால் மறுபகுதியை அரசு தந்தது. ஆசிரியர் பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் பெரிய அளவில் பணம் வந்தது 1846-க்குப் பிறகுதான். அங்கு கட்டடம் முன்னே வந்தது, ஆசிரியர் பின்னே வந்தார். இங்கு ஆசிரியர் முன்னே வந்தார். கட்டடம் பின்தங்கியது.

தேர்ச்சிக்கு ஒரு தொகை

சென்னை மாகாணத்தின் முதல் கல்வி இயக்குநர் அலெக்சாண்டர் அர்பத்நாட். 1855-இல் பொறுப்பேற்ற அவர் காலத்தில் மானிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1860-களில் 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்ற முறையும் சேர்ந்தது. ஆய்வாளர் வந்து தேர்வு நடத்துவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறிய மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொகை கிடைக்கும். திண்ணைப் பள்ளிகளைக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவர இம்முறை உதவியது. ஆனால் வரும் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். அடுத்த ஆண்டு என்ன வரும் என்று தெரியாத நிர்வாகி கட்டடத்தில் பணம் போடமாட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டு நிலையான மானியம் வந்தது.

இதற்கிடையே 1882-இல் அமைந்த ஹண்டர் குழு, தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கவும் தனியார் முயற்சியை ஊக்குவிக்கவும் பரிந்துரைத்தது. பொதுப் பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனியார் தொடங்கிய பள்ளிகள் இக்காலத்தில் பெருகின. கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி அவற்றுள் ஒன்று. அப்பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக நடக்கிறது. கட்டணம் கொடுக்க இயலாதவர்களின் பிள்ளைகளுக்காக நடந்த இத்தகைய பள்ளிகளுக்கு மானியமும் நன்கொடையும்தான் உயிர்.

1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்விக் குழுக்களை ஏற்படுத்தியது. அங்கீகாரமும் மானியமும் அக்குழுக்கள் வழியே சென்றன. ஆசிரியரின் தகுதியையும் பயிற்சியையும் அளவாகக் கொண்டு கற்பிப்பு மானியம் கணக்கிடப்பட்டது. ஆசிரியரே தாளாளராக இருந்து நடத்திய சிறு பள்ளிகளும் பல இருந்தன. அத்தகைய பள்ளியின் கட்டடம் பெரும்பாலும் ஓலைக் கொட்டகைதான்.

இலவசக் கல்வியும் வற்றிய வருவாயும்

விடுதலைக்குப் பின் உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் நிலை வேகமாக உயர்ந்தது. 1955-இல் அவர்களுக்கும் ஓய்வூதியத் திட்டம் வந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் பள்ளிக் கல்வி படிப்படியாக இலவசமாக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் பள்ளிக்கு வந்தது இதன் பயன்.

இந்த நல்ல மாற்றத்துக்குக் கணக்கில் ஒரு மறுபக்கம் இருந்தது. அதுவரை நிர்வாகத்துக்கு இரண்டு வருவாய்கள் இருந்தன. ஒன்று மானியம், மற்றொன்று மாணவர் கட்டணம். சுண்ணாம்படிப்பதும் ஓடு மாற்றுவதும் பெரும்பாலும் கட்டணத்திலிருந்து நடந்தன. கட்டணம் நின்றபோது அரசு சம்பளப் பொறுப்பை முழுமையாக ஏற்றது. கட்டடத்துக்கோ பராமரிப்பு மானியம் என்ற பெயரில் சிறு தொகையே கிடைத்தது. வெள்ளையடிக்கவும் உடைந்த சன்னலை மாற்றவும் அது உதவலாம். கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட அது போதாது.

இந்தக் குறையை அன்றைய அரசும் உணர்ந்திருந்தது. 1958 முதல் மாவட்டந்தோறும் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அதற்குச் சான்று. ஊர் மக்கள் நாற்காலி, மேசை, கரும்பலகை தந்தனர். சிலர் நிலம் தந்தனர். சிலர் வகுப்பறை கட்டித் தந்தனர். மாநாடு நடக்கும் நாளில் நன்கொடைப் பொருட்கள் பந்தலில் காட்சிக்கு வைக்கப்பட்டன. மக்கள் ஆர்வம் பெரிதாக இருந்தது. ஆனால் நன்கொடை ஒருமுறை வருவது. பராமரிப்பு ஆண்டுதோறும் வேண்டியது.

மதுரை 1964, கும்பகோணம் 2004

1964 ஏப்ரல் 4 அன்று மதுரையில் சரசுவதி பள்ளிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தனர். மறு ஆண்டு, 1965-இல், பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் நிறைவேறியது. பள்ளி முதலிய பொதுக் கட்டடங்கள் தகுதிபெற்ற பொறியாளரிடம் உறுதிச் சான்று பெற்று, அதன் அடிப்படையில் உரிமம் பெற வேண்டும் என்று அது விதித்தது. இன்று பள்ளி அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. அதாவது கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. அதற்கான பணத்துக்கு வழி சொல்லவில்லை.

1973-இல் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆசிரியர் நியமனம், பணிப் பாதுகாப்பு, மானியம் ஆகியவை அதன் கீழ் வந்தன. பிறகு 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கும் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று அரசு முடிவு செய்தது. ஆகவே இன்றுள்ள உதவிபெறும் பள்ளிகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அவற்றின் பழைய கட்டடங்களுக்கு வயது கூடிக்கொண்டே போகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்த தீ விபத்து தமிழகத்தை உலுக்கியது. காசிராமன் தெருவில் ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. அவற்றுள் ஒன்று ஸ்ரீ கிருஷ்ணா உதவிபெறும் தொடக்கப் பள்ளி. சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தனர். அங்கு ஆசிரியருக்குச் சம்பளம் தந்ததும் குழந்தைக்குச் சத்துணவு தந்ததும் அரசு. அவர்கள் தலைக்கு மேல் இருந்த கூரை மட்டும் நிர்வாகத்தின் கணக்கில் இருந்தது. அதைச் சோதிக்க வேண்டிய கடமை கல்வித்துறைக்கு இருந்தது.

நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பள்ளி நிறுவனர் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, பதினொரு பேரை விடுவித்தது. மேல்முறையீட்டில் 2017-இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனைகளில் பலவற்றை நீக்கியது அல்லது குறைத்தது. இதே விபத்தை முன்னிட்டு எழுந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றும், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இதில் இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் சாப்டர் மேல்நிலைப் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதுவும் உதவிபெறும் பள்ளியே. அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டன. பழுதடைந்த பல கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அரசுப் பள்ளியில் இடித்த இடத்தில் அரசு கட்டித் தரும். உதவிபெறும் பள்ளியில் இடித்த பின் கட்டுவதற்கு நிர்வாகம் பணம் தேட வேண்டும்.

சட்டம் வகுத்த எல்லை

அரசமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. மானியம் தரும்போது சிறுபான்மை நிறுவனம் என்பதற்காக வேறுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் மானியம் கேட்டுப் பெறுவது அடிப்படை உரிமை அல்ல, அது அரசின் கொள்கை முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் தெளிவுபடுத்தியது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியருக்கு ஒன்றாவது வகுப்பறை, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றை வரையறுத்தது. உதவிபெறும் பள்ளி எத்தனை பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தர வேண்டும் என்பதை, ஆண்டுதோறும் வரும் செலவில் அரசு மானியத்தின் பங்கைக் கொண்டு அது கணக்கிடுகிறது. கட்டடம் எழுப்புவது போன்ற ஒருமுறைச் செலவு அக்கணக்கில் வராது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாந்தோம் போன்ற பகுதியில் இத்தீர்ப்பு பல பள்ளிகளைத் தொடுகிறது. ஆயினும் 1965-ஆம் ஆண்டுச் சட்டமும் 2009 ஏப்ரல் தீர்ப்பும் அவற்றையும் கட்டுப்படுத்தும்.

பிற நாடுகள் கண்ட வழிகள்

இதே சிக்கலைச் சந்தித்த இரு நாடுகள் எதிரெதிர் வழிகளில் சென்றன. இலங்கையில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவிபெறும் பள்ளிகளின் நிர்வாகத்தை அரசு ஏற்றது. நிர்வாகம் அரசிடமும் சொத்து பழைய உரிமையாளரிடமும் இருக்கும் நிலை சரிவராது என்று கண்டு, 1961-இல் மற்றொரு சட்டத்தால் பள்ளிச் சொத்துகளையும் அரசுடைமையாக்கியது. ஒரு சில பள்ளிகள் மட்டும் மானியத்தை விட்டுத் தனியார் பள்ளிகளாகவே நின்றன. பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தீர்ந்தது. பள்ளியைக் கட்டிய சமூகங்களுக்கு அதன்மேல் இருந்த உரிமையும் அத்துடன் தீர்ந்தது.

இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளின் உடைமையை அவற்றிடமே விட்டது. கட்டடச் செலவில் பாதியை அரசு ஏற்றது. அப்பங்கு 1959-இல் 75 விழுக்காடாகவும் 1967-இல் 80 ஆகவும் 1975-இல் 85 ஆகவும் உயர்ந்து, 2002 முதல் 90 விழுக்காடாக உள்ளது. எஞ்சிய பத்து விழுக்காட்டைப் பள்ளியின் ஆளுகைக் குழு தருகிறது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்குப் புதிய திட்டங்கள் வந்துள்ளன. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவிடும் அத்திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்த பெரிய விரிவாக்கம் காலை உணவு. 2024 ஜூலை 15 அன்று அது ஊரகத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்தத் தொடக்க விழா நடந்த இடம், சாந்தோமுக்கு அருகே மயிலாப்பூரில் உள்ள புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி.

இந்த வரலாறு முழுவதிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அரசின் பணம் முதலில் ஆசிரியரைத் தேடி வந்தது. பிறகு குழந்தையின் தட்டையும் புத்தகப் பையையும் தேடி வந்தது. சுவரை மட்டும் தேடி வரவில்லை. தனியார் சொத்தில் பொதுப்பணத்தைப் போட்டால் நாளை நிர்வாகம் பள்ளியை மூடி நிலத்தை விற்றுவிடும் என்பது அரசின் நியாயமான அச்சம். சென்னையின் நிலவிலையைப் பார்த்தால் அந்த அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. அதற்கு மருந்து உண்டு. பள்ளி நடக்கும்வரை மானியம், மூடினால் திருப்பித் தர வேண்டும் என்று பத்திரத்தில் பதிந்து தரலாம். செலவில் ஒரு பங்கை நிர்வாகமும் ஏற்கச் செய்யலாம்.

உதவிபெறும் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் கட்ட இயலாத வீடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பாடம் சொல்பவருக்குச் சம்பளம் தருவது அரசின் கடமை என்று ஏற்க மன்றோ காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர்கள் உட்காரும் அறையின் கூரையும் அக்கடமையில் சேருமா என்ற கேள்வி இன்னும் முடிவாகவில்லை.